முன்னால் தள்ளிய சீட்

குடையை எடுக்க ஜீப்பில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபோது, அவள் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது.

சீட் முன்னால் தள்ளியிருந்தது. அவள் கணவன் அவளைவிட அரையடி உயரம். இந்தச் சீட் எப்போதும் கடைசியில்தான் நிற்கும். நிமிர்ந்தாள். உள்கண்ணாடியும் கீழே சாய்ந்து, சாலைக்குப் பதிலாகப் பின்சீட்டைக் காட்டியது. யாரோ குள்ளமான ஒருத்தி. ஒருத்தி என்று மனம் ஏன் உடனே சொன்னது என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சின்ன ஜீப்புக்கு வீட்டில் பெரியப்பா என்று பெயர். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், வளைவில் முரண்டு பிடிக்கும். "உனக்காகத்தான் மாத்துறேன். பவர் ஸ்டீயரிங் போட்டா ஒரு விரல்ல திருப்பலாம். பெரியப்பாவை நீயே மேய்க்கலாம்" என்று சிரித்துக்கொண்டுதான் மூன்று மாதத்துக்கு முன் ஒரு பழைய காரின் எஞ்சினையும் ஸ்டீயரிங்கையும் அதில் பொருத்தினான். அதன்பின் ஒருநாளும் அவளிடம் சாவியை நீட்டவில்லை. பெரியப்பா என்று சொல்வதையும் நிறுத்திவிட்டான். எஞ்சின் பழக வேண்டும் என்று தினமும் மாலை ஐந்துக்குத் தனியாகக் கிளம்பினான். திரும்பும்போது அவன் முகத்தில், கல்யாணமான புதிதில் அவள் பார்த்திருந்த களை இருந்தது.

அதுதான் அவளைத் தின்றது.

மறுநாள் காலை, ஆயில் மாற்றுவதைப் பற்றிக் கேட்கும் சாக்கில் மெக்கானிக்கிடம் போனாள்.

"அண்ணே, அவர்கூட லேடீஸ் யாராவது இங்க வந்தாங்களா?"

"இந்த கிரீஸ் நாத்தத்துக்கா? என் வீட்டுக்காரியே இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டா." சிரித்தார். "வண்டி எப்படிம்மா? எஞ்சின், ஸ்டீயரிங் ரெண்டும் ஒரே கார்ல கழட்டினது. ஜோடியைப் பிரிக்கக் கூடாதுன்னு சார் ஒரே பிடிவாதம். அந்தக் காருக்கு முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. பின்னாலதான் லாரி அப்படியே ஏறிடுச்சு."

"அதை ஓட்டினவங்க?"

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த ஸ்பேனர்.

அன்று மாலை ஐந்து மணி ஆவதற்கு முன் அவள் டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்து வைத்தாள். பிறகு பின்பக்கம் ஏறி, தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். கத்தக் கூடாது, அழக் கூடாது, வருகிறவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். ஈர ரப்பர் நாற்றமும், டீசல் கசப்பும், அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ மெலிதாக முகப்பவுடர் வாசனையும் வந்தன. தகரக் கூரைமேல் முதல் தூறல் விழும் சத்தத்தோடு தன் இதயம் அடிப்பதும் கலந்து கேட்க, அவள் தார்ப்பாயின் கிழிசலில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள்.

கதவு திறந்தது. டிரைவர் பக்கம் அல்ல. மறுபக்கம்.

கணவன் ஏறி உட்கார்ந்தான். கையை நீட்டிச் சாவியைப் போட்டான். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

கிரீச்.

டிரைவர் சீட் முன்னால் நகர்ந்தது. அடித்தண்டில் ஒரு பல். இன்னொரு பல்.

சாவி திரும்பியது. எஞ்சின் முனகியது. ஸ்டீயரிங் மெதுவாகச் சுழல, ஜீப் வாசலைத் தாண்டியது. ஒரு விரல் போதும் என்றிருந்தான். அங்கே அந்த ஒரு விரல்கூட இல்லை.

"மழை வருது. மெதுவாப் போ, கண்ணு."

பத்து வருஷமாக அவளை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே உண்மையிலேயே ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கினாள். கூப்பிட வாய் திறந்தாள். கையால் பொத்திக்கொண்டாள்.

பெரிய சாலை. லாரிகளின் இரைச்சல்.

"என்ன?" கணவன் காலிச் சீட்டின் பக்கம் தலையைச் சாய்த்தான். "பின்னாலயா? பின்னால யாருமில்லையே."

ஜீப் வேகம் குறைந்தது.

நின்றது. நடுச்சாலையில்.

தூரத்தில் ஹார்ன். நீண்ட ஹார்ன். கொஞ்சம் கிட்டத்தில்.

தார்ப்பாயை உதறி எழுந்தாள். பின்கதவைத் தள்ளினாள். அசையவில்லை. ஏங்க, என்றாள். அவன் திரும்பவில்லை.

உள்கண்ணாடி திரும்பியது. மெல்ல. தானாக.

அதில் இரண்டு கண்கள். மையிட்ட, இமைக்காத கண்கள். அவை அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.