நான்காவது இழை

முல்லைத்தீவில் கடற்கரையோரப் பழைய கல்வீடொன்றில் மாலை வகுப்பு நடந்தது. ஐந்து மணிக்கே மழை இருட்டு. லக்சிகா நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டுக் கணினியின் முன் கதிரையில் உட்கார்ந்தாள். இன்று நிரலை ஒப்படைக்காவிட்டால் சான்றிதழ் கிடைக்காது.

சின்ன நிரல்தான். இழைகள் எனப்படும் நான்கு கிளைகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வேலை செய்யும். நான்கும் முடியும்வரை பிரதான நிரல் காத்திருந்து, பிறகு மூடிக்கொள்ளும். இழைகளுக்கு வீட்டாரின் பெயர்களையே வைத்திருந்தாள்: வடிவம்மா, யோகநாதன், லக்சிகா, கோகுலன்.

மூன்று முடிந்தன. கோகுலன் முடியவில்லை.

வரிவரியாக மூன்று தடவை வாசித்தாள். பிழை தன்னுடையதாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன பிள்ளை, இன்னும் இழுபடுதோ?" அஜந்தன் சேர் எட்டிப் பார்த்தார். "எவ்வளவு நேரம் காக்கிறதெண்டு எல்லை போடேல்லையோ?"

"இல்லை சேர்."

"மாப்பிளை வீட்டாருக்கும் இப்பிடிக் காத்து நிக்க மாட்டினம். நிப்பாட்டிப்போட்டு மூடுங்கோ."

நிறுத்தும் விசைக்கு அவள் விரல் போகவில்லை.

போரின் கடைசிச் சண்டையில், பங்கர்க் குழிக்குள் அம்மா தலைகளை எண்ணினாள். அண்ணா கோகுலன் தண்ணிக்குப் போயிருந்தான். செல் குண்டு கிட்ட வந்து விழ, அம்மா பலகையை இழுத்து மூடினாள். அவன் திரும்பி வரவேயில்லை. அப்போது லக்சிகாவுக்கு ஐந்து வயது.

"கொஞ்சம் பாக்கிறன் சேர்."

"சரி, தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். அதுக்குள்ள முடியுங்கோ."

அவர் போனார். மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

பிறகு ஒரு மணம். மழை மண்ணின் மணமல்ல. புதிதாக வெட்டிய குழியின் மணம்.

வாசலில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"அண்ணாவோ?"

திரையில் ஒரு வரி விழுந்தது.

கோகுலன்: முடிந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. இனி நிரல் மூடிவிடும்.

மூடவில்லை.

வீரகத்தி: காத்திருக்கவும்.

ராக்காயி: காத்திருக்கவும்.

அவள் வைக்காத பெயர்கள். ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல்.

நிறுத்தும் விசையை நோக்கி அவள் கை நீண்டது. காதோரம் ஒரு சிறுவனின் குரல் கிசுகிசுத்தது.

"மூடிப்போடாதை தங்கச்சி. வெளியில விடுபட்ட மற்றாக்களும் வருகினம்."

கையை எடுத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் வாசலில் அஜந்தன் சேரின் குரல் கேட்டது.

"என்ன பிள்ளை, இவ்வளவு சனத்தையும் மழைக்குள்ள விட்டிட்டு இருக்கிறியள்? வாங்கோ, எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ!"

லக்சிகா திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், கதிரைகள் ஒவ்வொன்றாக இழுபடத் தொடங்கின.