நடுத்தெருவில் ஒரு வெள்ளைக் கோடு

கமலவேணி வீட்டுக்கு வந்த அம்சா உட்காரக்கூட இல்லை. சாயந்தரத்துக்குள் தன் புருஷன் உமாபதி மீது போலீசில் புகார் கொடுக்கப்போகிறார்கள் என்றாள்.

உமாபதி வேலை பார்க்கும் கம்பெனி டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ரேடார் செய்கிறது. ட்ரோனில் கட்டிப் பறக்கவிட்டால் இருட்டிலும் மேகத்திலும் தரையைப் படமெடுக்கும். கீழே இருப்பவருக்குத் தெரியாது. கூரம் ஏரிமேல் மட்டுமே சோதிக்க அனுமதி. யாரோ பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெரு மேல் பறக்கவிட்டு, படத்தை வெளியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். படத்தில் இருந்தது அமாவாசைத் தேதி. அன்று ஆபீசே தர்ப்பணம், கோயில் என்று லீவு. டூட்டியில் உமாபதி மட்டும்.

"அதை ஓட்டத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டாள் கமலவேணி. போலீஸ் குற்றப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். குரல் உயர்ந்ததே கிடையாது.

"இவரும் மேனேஜர் வீரபாகுவும்தாம்மா. முந்தின நாள் பூரா பாப்பா ஜுரத்துக்கு ஆஸ்பத்திரில என்கூட இருந்துக்கினு இருந்தாரு. அமாவாசை அன்னிக்கு அப்படி இருந்திருந்தா தப்பிச்சிருப்பாரு."

ஆபீசிலிருந்து மிரட்ட அனுப்பிய படம் அம்சா போனில் இருந்தது. கமலவேணி வீட்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் ஷாஹித், வழக்கு என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவான். படத்தைப் பெரிதாக்கினான். சாம்பல் கூரைகள், நடுத்தெருவில் மெல்லிய வெள்ளைக் கோடு.

"கரண்ட் கம்பி மேடம்."

"போய்ப் பார்த்துட்டு வா."

முகம் தொங்கத் திரும்பினான். கம்பி தெரு ஓரமாகத்தான் போகிறது. நடுவில் ஒன்றுமில்லை, நெசவுக்காரர்கள் தறிக்குப் போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டக் கட்டை நடும் குழிகள்தான். கமலவேணி அந்தத் தெரு நெசவுக்காரி எல்லம்மாளுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

கம்பெனி முதலாளி ராமராஜன் அறையில் எல்லோரும் இருந்தார்கள்.

"ஜரிகையில வெள்ளி இருக்குது சார், ரேடாருக்குப் பளிச்சுனு தெரியும்," என்றாள் கமலவேணி. " இந்தக் கோடு எல்லம்மாள் வீட்டு ஜரிகைப் பாவு. அமாவாசையில நெசவுத் தெருவுல யாரும் பாவைத் தொட மாட்டாங்க. அந்த வாரம் இதை நீட்டினது முந்தின நாள் காலையில மட்டும்தான்னு எல்லம்மாளே சொன்னாங்க. அப்போ உமாபதி ஆஸ்பத்திரில. ஆபீஸ் காலியா இருந்த நாளாப் பார்த்துத் தேதியை மாத்தியிருக்காரு வீரபாகு. அதே அமாவாசை தெருவையும் காலி பண்ணும்னு வெளியூர்க்காரருக்குத் தெரியல."

வீரபாகு கைக்குட்டையைத் தேடினான். முதலாளி இப்போது கத்துவார் என்று ஷாஹித் காத்திருந்தான். அவரோ படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நூலா? அவ்ளோ உயரத்துலேர்ந்து நூல் தெரியுதா?"

படம் போன இடத்திலிருந்தே மெஷினை விலைக்குக் கேட்டு ஆள் வருகிறது என்றார். வருகிறவர்களுக்கு வீரபாகுவே மெஷினைக் காட்டட்டும், இந்த நூல் தெரிந்ததையும் சொல்லட்டும். புகார் கிடையாது. ஆனால் அந்தத் தெருவிலேயே குடியிருக்கும், தெருக்காரர்களிடம் சொல்லிவிடக்கூடிய உமாபதி இனி இந்த வேலையில் சரிப்பட மாட்டான்.

வெளியே வந்தார்கள். அம்சா யாரையும் பார்க்கவில்லை.

"திருடனைக் காட்டப் போயி, சரக்கு நல்ல சரக்குன்னு சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டு வந்துட்டேன்பா," என்றாள் கமலவேணி.

மறுநாள் காலை எல்லம்மாள் வீட்டார் தெருவில் பாவு நீட்டினார்கள். ட்ரோன் சத்தம் கேட்கிறதா என்று ஷாஹித் காதைத் தீட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"கேக்காது பாய்," என்றான் தன் வீட்டு வாசலில் நின்ற உமாபதி. "சத்தம் வராம செஞ்சவனே நான்தான்."