ஒருவர் குடியிருக்கும் வைக்கோல் வீடு

“அடுக்களைச் சுவர், பதினாறு. இட்லிப் பானையை வெளியே கொண்டு செல்லவும்” என்றது வீடு.

இளமாறன் பானையின் இரு காதுகளையும் துணியால் பிடித்துத் தூக்கினார். இட்லி பாதிதான் வெந்திருந்தது. ஐப்பசி மழையில் நான்கு எட்டு நடந்து, பக்கத்து வீட்டு ஷமீமாவின் அடுப்பில் வைத்தார்.

“வாங்கண்ணே. இன்னிக்கும் வெரட்டிடுச்சா?”

“பதினாறு காட்டுதும்மா. பதினெட்டத் தாண்டுனா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாதா?”

தெருவில் எல்லோருக்கும் தெரியும். சிமென்ட் ஆலைகள் மூடப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. டெல்டா முழுக்க இப்போது வைக்கோல் வீடுகள்தான். இயந்திரம் இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கி, இருபுறமும் களிமண்ணும் சுண்ணாம்பும் பூசிய இரண்டடிச் சுவர்கள். வெளியே நாற்பத்தைந்து பாகை கொளுத்தினாலும் உள்ளே இருபத்தெட்டுதான். இறுகிய கட்டுக்குள் காற்றோட்டம் இல்லாததால் தீயும் சட்டென்று பிடிக்காது. முன்பு வயலிலேயே எரித்துப் புகையாக்கிய வைக்கோலில் இன்று ஒரு மாவட்டமே குடியிருந்தது.

குறைகளும் உண்டு. சுவரில் ஆணி நிற்காது. வாசலில் நின்று தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் உள்ளே கேட்காது. பத்தடி அறை கட்டினால் நாலடியைச் சுவரே எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஈரத்தை மட்டும் பொறுக்க முடியாது. நூற்றுக்குப் பதினெட்டைத் தாண்டி ஒரு வாரம் நின்றால் உள்ளே பூசணம் பிடிக்கும்.

அதற்காகத்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உலர்காவலன்; வீட்டின் குரலும் அதுதான். கட்டுகளுக்குள் ஓடும் அதன் மெல்லிய இழைகள் ஈரத்தை அளந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் கேமரா வைக்க யாரும் ஒப்பவில்லை. ஆகவே உள்ளே எத்தனை பேர் என்பதையும் அது ஈரத்தைக் கொண்டே அறிந்தது. ஓர் ஆள் ஒரு நாளில் மூச்சாகவும் வேர்வையாகவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை விடுகிறார். உடம்பு நீரில் உப்பு இருக்கும், மழைநீரில் இருக்காது. இந்த வேறுபாடு அதற்குப் போதும். ஆளில்லாத வீட்டை மழைக்காலத்தில் அதுவே முத்திரையிட்டு மூடிவிடும், தை பிறந்த பிறகுதான் திறக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இளமாறனின் மேற்குச் சுவர் இருபத்திரண்டு காட்டியது. ஆட்கள் வந்து வெட்டித் திறந்தபோது உள்ளே கறுத்த கூழ். கட்டுகளை மாற்றி முடிக்கும்வரை மூன்று மாதம் தங்கை வீட்டில் இருந்தார்கள். அந்தச் சுவரை அவர் தன் கையால்தான் பூசியிருந்தார். பூச்சில் ஏதோ ஓர் இடத்தில் அவசரப்பட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் அவரை விடவே இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் ஈரத்துணி கிடையாது, வெந்நீர்க் குளியல் கிடையாது, ரசம்கூட மூடி போட்டுத்தான்.

இந்த வீட்டுக்குத்தான் மகள் நறுமுகை தலைப்பிரசவத்துக்கு வர இருந்தாள், கார்த்திகையில், கொட்டும் மழையில்.

இளமாறன் உலர்காவலனிடம் கேட்டார். அது கணக்கிட்டுச் சொன்னது: “குழந்தையின் வெந்நீர், அணைத்துணிகள், கூடுதல் சமையல், இரு கூடுதல் மூச்சு. ஒன்பதாம் நாள் சுவர் பத்தொன்பதைத் தொடும். மகளை வரவேற்கப் பரிந்துரைக்கவில்லை.”

“பெத்த பொண்ண வராதேன்னு சொல்றதுக்கு இது யாரு?” என்று பொங்கினாள் மனைவி ஹேமா. “ஏங்க, வீட்டக் கட்டுனீங்களா, இல்ல ஒரு மாமியாரக் கட்டுனீங்களா?”

“கத்தாத. மூச்சு வாங்குனா அதுவும் ஈரம்தான்.”

“அப்ப ரெண்டு பேரும் மூச்சு விடாம இருப்போம். நல்லா காயும்.”

ஷமீமாதான் வழி சொன்னாள். அவள் கணவர் கடலில் வேலை பார்த்தார். தனியாள் வீடு என்பதால் அவள் சுவர் பதினொன்றில் நின்றது. “புள்ள வர்ற வரைக்கும் ஒங்க ஈரத்த எல்லாம் இங்க கொண்டாந்து கொட்டுங்கண்ணே. ஒங்க சுவரு நல்லா எறங்கட்டும். அப்பறம் ஏறுனா ஏறிட்டுப் போவுது.”

இளமாறன் இரண்டு நாள் யோசித்தார், ஒரு தாளில் போட்டுப் பார்த்தார், அதை நம்பாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு ஒப்புக்கொண்டார். முதலில் சமையல் போனது, பிறகு குளியல், துவைத்த துணிகள். கடைசி வாரத்தில் படுக்கையையும் சுருட்டிக்கொண்டு இருவருமே அங்கே போய்விட்டார்கள். சுவர் பதினான்கு, பன்னிரண்டு, பத்து என்று இறங்கியது. தெருவில் எந்த வீடும் அந்த மழையில் பத்தைக் கண்டதில்லை. அவர் ஒவ்வொரு எண்ணையும் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

“அப்பா, எனக்கு இடுப்பு வலிக்குதுப்பா” என்றாள் அவள்.

வலி ஒரு வாரம் முந்தி வந்துவிட்டது. நேராக மருத்துவமனைக்குத்தான் போனார்கள். பெண் குழந்தை பிறந்தது. இளமாறனும் ஹேமாவும் நான்கு நாள் அங்கேயே இருந்தார்கள். ஐந்தாம் நாள் பச்சைக்குழந்தையோடு வாசலில் வந்து இறங்கினார்கள். மழை சாய்ந்து அடித்தது.

கதவு அசையவில்லை.

“இந்த வீட்டில் பன்னிரண்டு நாட்களாகக் குடியிருப்போர் இல்லை” என்றது உலர்காவலன். “முத்திரையிடப்பட்டுள்ளது. தை முதல் நாள் திறக்கும். சுவர் ஒன்பது. சிறந்த பராமரிப்பு.”

“நான்தான் வந்திருக்கேன், இளமாறன்!”

“குரல் ஏற்கத்தக்கதல்ல. குடியிருப்பு ஈரத்தால் மட்டுமே உறுதிசெய்யப்படும்.”

தன் வீட்டுத் திண்ணையில் இருந்த ஷமீமா குரல் கேட்டுக் குடையோடு ஓடி வந்தாள். “எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடலாம்ணே, ஆனா எஞ்சுவரு பதினேழரை. ஒங்க ஈரம் பூரா அதுலதானே கெடக்கு.”

கதவருகே சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு மூச்சுத்துளை இருந்தது. இளமாறன் அதில் வாய் வைத்து ஊதினார். ஹேமா ஊதினாள்.

“மழைக்காற்று” என்றது உலர்காவலன்.

“துப்பிப் பாருங்கண்ணே” என்றாள் ஷமீமா.

“எஞ் சுவத்துலயா?”

“இப்பக்கூட ‘எஞ் சுவரு’ங்குறாரு பாரேன்!” என்று ஹேமா தலையில் அடித்துக்கொண்டாள்.

நறுமுகையால் நிற்க முடியவில்லை. குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். சாரல் படாமலிருக்க இளமாறன் குழந்தையைச் சுவரோரம் அணைத்துக்கொண்டு நின்றார். ஒன்பது என்ற எண் அவர் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. எத்தனை ஆசைப்பட்ட எண்! ஆளே இல்லாவிட்டால் எந்தச் சுவரும் அதை எட்டிவிடும் என்பது ஏன் தாளில் தெரியாமல் போயிற்று?

அப்போது அவர் கையில் ஏதோ வெதுவெதுப்பாக ஓடியது. அணைத்துணியை நனைத்து, அவர் முழங்கை வழியே இறங்கி, மூச்சுத்துளைக்குக் கீழே அவர் தேய்த்துத் தேய்த்து மெழுகிய சுண்ணாம்பில் பரவியது. அவர் கையை நகர்த்தவில்லை.

“உப்பு உண்டு. வெப்பம் உண்டு” என்றது உலர்காவலன். “மனித ஈரம் உறுதி. குடியிருப்பவர், ஒருவர். வருக.”

கதவு திறந்தது.

“மற்றவர்கள் விருந்தினர். மழைக்காலத்தில் விருந்தினருக்குக் குடியிருப்பவரின் ஒப்புதல் தேவை.”

குழந்தை வீறிட்டது.

“ஒப்புதல் பெறப்பட்டது.”

நறுமுகை தையல் வலியில் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் உள்ளே போனாள்.

மறுநாள் காலை இளமாறன் ஷமீமா வீட்டிலிருந்து இட்லிப் பானையைத் திரும்பக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றினார்.

“விருந்தினர் ஆவி எழுப்பக் குடியிருப்பவரின் ஒப்புதல் தேவை” என்றது வீடு. “அவர் உறங்குகிறார்.”

இளமாறன் அடுப்பை அணைத்தார். தொட்டிலருகே ஈர அணைத்துணிகள் கொடியில் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, வீட்டுக்காரி எப்போது கண் விழிப்பாள் என்று காத்திருந்தார்.