நாற்சிறகியின் நிறம்

காலையில் வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்ததும் வடிவு முதலில் டைனோசர்களின் கைகளை வெட்டுவாள். சூடேற்றிய கத்தியை மணிக்கட்டில் வைத்து அழுத்தினால் பழைய பிளாஸ்டிக் முனகாமல் விட்டுக்கொடுக்கும். வெட்டிய கைகளைத் திருப்பி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டுவாள். இவற்றைப் பூமியில் செய்தவர்கள் எல்லாக் கைகளையும் கவிழ்த்தே வைத்திருந்தார்கள், ஆர்மோனியம் வாசிக்க வந்தவைபோல. அப்புறம் தரையில் இழுபடும் வாலைத் தூக்கி நிறுத்த வேண்டும். துருத்திய பற்களுக்கு மேல் உதடு வைக்க வேண்டும். இறகு இருந்தவற்றுக்கு இறகு. ஒரு நாளைக்குப் பதினைந்து உருப்படி.

வியாழனின் நிலவான கனிமீடில், பனிக்கு அடியில் கட்டிய குமிழூர்களில் பிறந்த குழந்தைகள் உயிருள்ள காக்கையைக்கூடப் பார்த்ததில்லை. கையில் கிடைக்கும் பொம்மைதான் அவர்களுக்கு விலங்கு. பொம்மை பொய் சொன்னால் அந்தப் பொய்யே நிலைத்துவிடும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, மெய்யுருச் சட்டம் கொண்டுவந்தார்கள். மறைந்துபோன எந்த உயிரின் உருவமும் திருத்தப்படாமல் குழந்தை கைக்குப் போகக் கூடாது. பூமியின் பழைய குப்பைமேடுகளிலிருந்து மூட்டை மூட்டையாய் வரும் டைனோசர்கள் எல்லாம் இதனால்தான் வடிவின் மேசைக்கு வந்தன.

அவற்றைச் சோதித்து முத்திரை குத்துபவர் திருவேங்கடம். பனிரயிலில் ஆறு நாள் தொலைவிலுள்ள தலைமைக் குமிழூரில் இருந்தார். நேரில் பார்த்ததில்லை, குரல் தெரியும், திருத்தச் சீட்டு தெரியும். மைக்ரோராப்டர் என்ற நாற்சிறகியை வடிவு முதன்முறை செய்தபோது குழந்தைகளுக்குப் பிடிக்கட்டுமே என்று கிளிப்பச்சை பூசி அனுப்பினாள். திரும்பி வந்தது. பச்சையைக் குறைத்து அனுப்பினாள். அதுவும் வந்தது. மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பிவிட்டு அவரே அழைத்தார்.

"வடிவம்மா, அது கறுப்பு. நல்ல மினுமினுக்கிற கறுப்பு. இறகுல நிறமித் துகள் அப்படியே கல்லாகிக் கிடக்கு, சாட்சி இருக்கு. நம்ம கண்ணுக்கு அழகா இருக்கணும்னு அது பொறக்கல."

அன்று வடிவு வெகு நேரம் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு மனிதர் தன் இருபது வயதில் எதிர்ப்பட்டிருந்தால் என்று தோன்றியது.

மதியத்துக்கு மேல் அதே மேசையில் வேறு வேலை. குமிழூர்களுக்கிடையே கல்யாணம் பேசுகிறவர்கள் முதலில் முன்னுரு அனுப்புவார்கள். ஒரு சாண் உயரத்தில் பெண்ணின் பிளாஸ்டிக் உருவம். படத்தை நினைத்தபடி மாற்றலாம் என்றான பிறகு படத்தை யாரும் நம்பவில்லை. உடலைக் கருவியால் அளந்து அப்படியே வார்த்த உரு பொய் சொல்லாது என்று இந்த வழக்கம் வந்தது. வந்த வருஷமே மூக்கைச் செதுக்கச் சொல்லி முதல் தாய் வந்து நின்றாளாம். நிறம் கையால் பூசுவது என்பதால் அதில் இன்னும் வசதி. மெய்யுருச் சட்டம் இதைத் தொடாது. மனிதர்கள் இன்னும் மறைந்துபோகவில்லையே.

வடிவின் கல்யாணத்துக்குப் போன முன்னுருவுக்கு இரண்டு பூச்சு வெளுப்பு ஏற்றியிருந்தார்கள். பனிரயில் நிலையத்தில் இறங்கிய மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார், இன்னொருத்தி வந்துகொண்டிருப்பாள் என்பதுபோல. கல்யாணம் நடந்தது. நல்லவர்தான், ஒருநாளும் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பதினோரு வருஷம், அவர் இறக்கும் வரை, கதவு திறக்கும்போதெல்லாம் அவர் கண் அவளைத் தாண்டிப் போவதாகவே அவளுக்குப் பட்டது.

மகள் துளசிமணிக்கு இருபத்தாறு. பனித்துளைப்புப் பொறியில் வேலை, அகன்ற தோள், அம்மாவின் நிறம். திருவேங்கடத்தின் மகன் நன்மாறனோடு துளைப்புத் தொழில் சம்பந்தமாகக் குரலழைப்பில் பேச ஆரம்பித்தவள், ஆறு மாதமாகத் தொழிலை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசினாள். தடுப்புச் சுவர் வழியாக அவள் சிரிப்பு கேட்கும். அந்த வீட்டில் அப்படி யாரும் சிரித்ததில்லை. பிறகு திருவேங்கடம் வீட்டிலிருந்து முறைப்படி முன்னுரு கேட்டுச் செய்தி வந்தது.

"உள்ளபடி பூசு. அந்த ஆளு டைனோசர் நகம் ஒரு நூல் கூடினாலே திருப்பி அனுப்புறவராச்சே," என்றாள் துளசி. "நாம வெளுப்பு பூசி அனுப்பினா மொத பார்வையிலேயே கண்டுபிடிச்சிடுவாரு."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"சொல்ல வந்தியா, பயந்துக்கிட்டிருந்தியா?"

"போடி."

வடிவு நாற்சிறகிக்குக் கலந்த அதே கறுப்பில் கொஞ்சம் செம்மண் நிறம் சேர்த்தாள். மகளின் முழங்கையை மேசை விளக்கடியில் இழுத்துவைத்துப் பார்த்துப் பார்த்துப் பூசினாள். முடித்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு சரியான வேலையை அவள் செய்ததே இல்லை.

பதினான்காம் நாள் முன்னுரு திரும்பி வந்தது, கூடவே திருத்தச் சீட்டு. அதே கையெழுத்து. தோல், மூன்று பூச்சு குறைக்கவும். தோள் அகலத்தைச் சீவவும். மூக்கு நுனி, கவனிக்கவும்.

அவள் அழைத்தாள்.

"ஐயா, சீட்டு மாறி வந்திருச்சோன்னு பார்த்தேன்."

"மாறலம்மா. பொண்ணுல ஒரு குறையும் இல்ல. பையன் பிடிச்சிருக்குன்னுட்டான், குரலை வெச்சே. நான் பொம்மையைத்தான் சொல்றேன். நம்ம வீட்டுல பாட்டி, அத்தை, சித்தின்னு ஒரு பட்டாளம். கூடத்துல வெச்சா எல்லாரும் எடுத்துப் பார்ப்பாங்க."

"அந்த நாற்சிறகியை நீங்க மூணு தரம் திருப்பி அனுப்பினீங்க."

 அவர் நிஜமான வியப்போடு கேட்டார்: "அதையும் இதையும் ஏம்மா சேர்க்கறீங்க? அது அறிவியல்."

அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் வடிவை அடித்துப்போட்டது. நல்ல பதிலாக நான்கைந்து தோன்றின. அழைப்பை முடித்துக்கொண்டாள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோனால் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கேதான் அவள் இத்தனை காலம் இருந்தாள். கத்தியைச் சூடேற்றித் தோளைச் சீவினாள். மூன்று பூச்சு.  அடுத்தவர் பெண்களுக்குப் பூசிப் பழகிய கை.

மறுநாள் மாலை துளசி வேலை முடிந்து வரும்போது உரு மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. சீட்டைப் படித்தாள். உருவை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"யாரும்மா இவ?"

"ஊருல எல்லாரும் செய்யறதுதான் துளசி. கல்யாணம் ஆனப்பறம் யாரு இதை எடுத்துப் பார்க்கப் போறா?"

"அப்பா பார்க்கலியா?"

 மகளிடம் அதை வடிவு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

உரு மறுநாள் போயிற்று. சம்மதம் வந்தது, நாள் குறித்தாயிற்று. துளசி சிரிப்பதும் பேசுவதும் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கிளம்ப ஒரு வாரம் இருக்கையில், துளைப்பு வேலைக்கு வெளியூர் போகிறேன் என்று ஐந்து நாள் போய் வந்தாள்.

கதவைத் திறந்த வடிவு மகளைப் பார்த்தாள். பிறகு மகளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள்.

"நான்தாம்மா."

மூன்று பூச்சு வெளுப்பு. மூக்கு நுனி செதுக்கியதுபோல. உருவின் தோளில் வடிவு எங்கே சீவியிருந்தாளோ அங்கே இவள் சட்டை தொங்கியது. நிறமி ஊசியும் எலும்பு மழிப்பும் இப்போது பல் பிடுங்குவதுபோல ஆகிவிட்டன என்று துளசி விளக்கினாள். மருத்துவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். மாதிரி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம். உருவின் அளவுகளைக் கொடுத்தாளாம்.

"உன்னை யாருடீ இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பொம்மையும் நானும் வேற வேறயா இருந்தா, ரெண்டுல ஒண்ணைத் திருத்தித்தானே ஆகணும்? பொம்மையைத்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களே." குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் வடிவு காலில் விழுந்திருப்பாள். "இப்ப பொய் எதுவும் இல்லம்மா. வந்து பார்க்கட்டும், தைரியமா நிப்பேன்."

துளசி சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வாசலருகே இருந்த கண்ணாடியில் இருவரும் இரண்டு நிறமாகத் தெரிந்தார்கள். துளசி சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு நீ என் பக்கத்துல நிப்பியே. அதை யோசிச்சியா?"

வடிவு கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுத்துச் சொல்ல வேண்டிய சொல் ஒன்று உள்ளே எங்கோ இருந்தது, தேடினாள். வாயில் வந்தது வேறு.

"ரொம்ப வலிக்குமாடீ?"