பலகையில் மூன்று மணி, கடலில் இரண்டு மணி

எங்கள் ஊர்க் கடற்கரைப் பூங்காவில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் தினமும் ஒரே ஒரு வரிதான் எழுதப்படும். எதிரே இருக்கும் கடற்காக்கைத் தீவுக்கு இன்று எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நடந்து போகலாம் என்பதுதான் அந்த வரி. அதை எழுதுகிறவள் எலோடி. வயது பத்து. ஊரிலேயே அழகான கையெழுத்து அவளுடையது.

தீவுக்கு நடந்துதான் போக வேண்டும். எங்கள் விரிகுடாவில் கடல் வற்றும்போது அடித்தரையே வெளியே வந்துவிடும். கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரு சரளைப் பாதை தெரியும். நான்கு மணி நேரம் அப்படியே இருக்கும். பிறகு கடல் வந்து அதை மூடிவிடும்.

தீவில் பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். அதைப் பார்த்துக்கொள்வது எலோடியின் அம்மா லிசெட்.

அன்று ஆகஸ்ட் பதினைந்து, எங்கள் மக்களின் பெருநாள். அம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை. விடியற்காலையிலேயே படகில் போய்க் கலங்கரை விளக்கத்தின் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பியிருந்தார். வாயில் நான்கு குண்டூசிகளோடு கொடித்துணி தைத்துக்கொண்டே, ஒரு துண்டுச் சீட்டை எலோடியிடம் நீட்டினார். சீட்டில் "10 - 2" என்று இருந்தது.

இங்கேதான் தவறு நடந்தது.

கோடைக்காலத்தில் நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்போம். ஆனால் துறைமுகத்தில் தொங்கும், கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை பழைய நேரத்திலேயே அச்சாகியிருக்கும். அதனால் அதில் எந்த நேரத்தைப் பார்த்தாலும் மனத்துக்குள் ஒன்று கூட்டிக்கொள்வோம். எங்கள் ஊர்க் குழந்தைகள் கூட்டல் கற்பதே அப்படித்தான்.

அம்மா கூட்டித்தான் சீட்டில் எழுதியிருந்தார். ரொட்டியை மென்றுகொண்டிருந்த எலோடியும் யோசிக்காமல் ஒன்று கூட்டினாள்.

பலகையில் எழுதினாள்: "காலை 11 முதல் பிற்பகல் 3 வரை." கீழே ஒரு நட்சத்திர மீனும் வரைந்தாள்.

ஊர்க்காரர்கள் யாரும் அந்தப் பலகையைப் படிப்பதில்லை. கடலைப் பார்த்தாலே அவர்களுக்கு மணி தெரியும். வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் படிப்பார்கள். படித்து, நம்புவார்கள்.

நண்பகலில் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, நெஸ்டர் என்று ஒரு பையன், அவனுடைய மூன்று வயதுத் தங்கை டாலியா. கோதுமை வயல்களைத் தவிர வேறொன்றும் தெரியாத சமவெளியிலிருந்து நான்கு நாள் கார் ஓட்டி வந்திருந்தார்கள்.

நெஸ்டர் கையில் முத்திரைப் புத்தகம் வைத்திருந்தான். எங்கள் கடலோரத்தில் இருக்கும் கோட்டை, மரக்கப்பல் கட்டிய கொட்டகை, பூங்காக்கள் என்று எங்கே போனாலும் அதில் ஒரு முத்திரை குத்திக்கொள்ளலாம். பன்னிரண்டு கட்டங்களில் பதினொன்று நிறைந்திருந்தன. மீதி ஒன்று கடற்காக்கைத் தீவு.

ஆனால் அவன் புத்தகத்தை மறந்துவிட்டு, கரை விளிம்பில் வாயைத் திறந்தபடி நின்றான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஈரமான கடல் தரை. பாசி படர்ந்த பாறைகள், குட்டைகள், குட்டைக்குள் நண்டுகள்.

"இவ்ளோ தண்ணியும் எங்க போச்சு?" என்று கேட்டான்.

"எங்கயும் போகல. அங்க நிக்குது. திரும்பி வரும்," என்றாள் எலோடி.

அவள் தினமும் பார்க்கும் இடம்தான். ஆனாலும் அவன் பார்த்த பார்வையில், தானும் இன்றுதான் முதல்முறை பார்ப்பது போல அவளுக்கு இருந்தது.

மாலை ஊர்வலத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்று நெஸ்டருக்குக் கவலை. அதற்காகவே அவன் இந்தத் தேதியில் வர அடம்பிடித்தானாம். தந்தமார் என்று நாங்கள் சொல்லும் அந்த ஊர்வலத்தில் ஊரே சட்டி, பானை, தகரம் என்று கிடைத்ததை எல்லாம் தட்டிக்கொண்டு போகும். சரியாக ஐந்து மணி ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு, இருபத்துநான்கு மணிக் கணக்கில் 17.55-க்குத் தொடங்கும். ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்தாம் ஆண்டில் எங்கள் முன்னோரை இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றி விரட்டினார்கள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம், இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று உரக்கச் சொல்வதற்குத்தான் அந்தச் சத்தம்.

"கவலப்படாத. தீவுல இருந்தாக்கூட உன் காதுல விழும்," என்றாள் எலோடி.

நெஸ்டரின் அம்மா பலகையைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிவரை நேரம் இருக்கிறது, நிதானமாகப் பார்க்கலாம் என்று சொல்லி, சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். நால்வரும் கடல் தரையில் இறங்கி நடந்தார்கள்.

ஒரு மணிக்கு மூடுபனி இறங்கியது. தீவு மறைந்தது. பாதையில் பாதியும் மறைந்தது.

ஒன்றரை மணிக்கு எலோடி அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, கோழிக்கறி சேர்த்துச் சுட்ட ராப்யூர். தட்டு சூடாக இருந்ததால் வேகமாக நடந்தாள். துறை முனையில் சட்டென்று நின்றாள்.

அப்பாவின் படகு நிமிர்ந்து நின்றது. லேசாக ஆடியது.

சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகு நிமிர்ந்தால், அரை மணியில் சரளைப் பாதை மூடிவிடும். இது அவளுக்கு நடக்கக் கற்ற நாளிலிருந்தே தெரியும்.

முதலில் அவளுக்குக் கடல்மீதுதான் சந்தேகம் வந்தது. கடல் இன்று ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டதோ? பிறகு அம்மாவின் சீட்டு ஞாபகம் வந்தது. பத்து, இரண்டு. அம்மா ஏற்கெனவே கூட்டித்தான் எழுதியிருக்க வேண்டும்.

"பாதை எப்பப்பா மூடும்?"

அப்பா அர்மான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார். "ரெண்டுக்கு. ஏன்?"

ஓடிப்போய்ப் பலகையை அழித்துவிட்டால் போதும், யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பு ஒரு நொடி வந்தது. ஆனால் பலகையை அழித்தால், அதைப் படித்துவிட்டுப் போனவர்களுக்கு எப்படித் தெரியும்?

"பலகையில மூணுன்னு எழுதிட்டேன்பா. நாலு பேர் தீவுல இருக்காங்க. அதுல ஒண்ணு குட்டிப் பாப்பா."

அப்பா தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். தீவில் கைபேசி எடுக்காது. பாறைகளைச் சுற்றிப் படகில் போக, இந்தப் பனியில் முக்கால் மணி ஆகும். ஓடினால் போகக் கால் மணி, பனியில் தேடக் கால் மணி. அதற்குள் போனவரும் மாட்டிக்கொள்வார். அவர்கள் தீவிலேயே தங்கிவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் மூன்று மணி என்று நம்பி, இரண்டரைக்குப் பாதையில் இறங்கினால்? பனியில் தண்ணீர் வருவதே கண்ணுக்குத் தெரியாது.

அப்பா படகின் கயிற்றை அவிழ்க்க ஓடினார். எலோடி தேவாலய மைதானத்துக்கு ஓடினாள்.

அங்கே ஊரே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு சட்டி, ஒரு கரண்டி. ஆனால் ஐந்து ஐம்பத்தைந்துக்கு முன்னால் ஒரு தட்டுகூடத் தட்டக் கூடாது. முந்தித் தட்டுகிறவர்கள் அன்று சட்டியில்லாமல் ஊர்வலத்தின் கடைசியில் நடக்க வேண்டும். இதைக் கண்காணிக்கிறவர் அல்சீட். மீசையும் சட்டைப்பைக் கடிகாரமுமாக மேசையின் முனையில் உட்கார்ந்திருந்தார்.

எலோடி கையில் அகப்பட்ட பானையை எடுத்தாள். ஓங்கி அடித்தாள்.

மைதானம் அப்படியே நின்றுவிட்டது. ஒருவர் வாயருகே கொண்டுபோன கரண்டியும் நின்றது.

"யாருடி அது? இன்னும் ரெண்டு மணிகூட ஆகல, அதுக்குள்ள கை அரிக்குதா?" என்றார் அல்சீட்.

எலோடி எல்லோர் முன்னாலும் சொன்னாள். பலகையை, கூட்டிய ஒரு மணியை, நான்கு பேரை. ஊர்வலச் சத்தம் கேட்டால் அந்தப் பையன் ஓடிவருவான் என்பதை. கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றதை அவள் பார்த்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

அல்சீட் கடிகாரத்தைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க? சட்டியத் தூக்குங்க," என்றார்.

இருநூறு பேர் கரைக்கு ஓடி, பாதை முனையில் நின்று அடித்தார்கள். சட்டி, தகரம், கேக் தட்டு, பால் வாளி. பாதிரியார் கையில் அகப்பட்டது தேநீர்க் கெண்டிதான். அதன் மூடியே நசுங்கும்படி அடித்தார். கடற்காக்கைகள் பயந்து பறந்தன. எங்கள் ஊர் அவ்வளவு பலமாக அதற்கு முன் தட்டியதே இல்லை.

எலோடியின் கண் பாதையைவிட்டு அகலவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறியது. பாதை ஒரு சாலை அளவுக்குக் குறுகியது. பிறகு ஒரு மேசை அளவுக்கு.

பனிக்குள் ஏதோ அசைந்தது. முதலில் ஒரு சிவப்புச் சட்டை. கையில் காலணிகளோடு நெஸ்டர் தலைதெறிக்க ஓடிவந்தான். அவனைத் துரத்திக்கொண்டு டாலியாவைத் தோளில் சுமந்த அப்பா. கடைசியில் கூடையோடு அம்மா. அவர்கள் கரையேறும்போது தண்ணீர் கணுக்காலில் புரண்டது. திரும்பிப் பார்த்தால் பாதையைக் காணவில்லை.

"ஆரம்பிச்சிட்டீங்களா? சாயங்காலம்னுதானே சொன்னாங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் நெஸ்டர்.

சிரிப்பில் கரையே குலுங்கியது. எலோடி மட்டும் சிரிக்கவில்லை. நெஸ்டரின் அம்மாவிடம் போனாள்.

"பலகையில இருக்கிறது தப்புங்க. நான்தான் எழுதினேன். ரெண்டு மணின்னு எழுதியிருக்கணும்."

அந்த அம்மா பாதை இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். சாம்பல் நிறத் தண்ணீர், அலைகூட இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. டாலியாவைக் கணவரிடமிருந்து வாங்கி இறுக்கிக்கொண்டார்.

"இவ்ளோ பேரையும் நீயா கூட்டிட்டு வந்தே?" என்று கடைசியில் கேட்டார்.

எலோடி தலையாட்டினாள். அவர் ஒரு கையால் அவளையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

எலோடியின் அம்மா வந்து தன் சால்வையை டாலியாவுக்குப் போர்த்தினார். எலோடியின் காதோரம் குனிந்து, சீட்டில் "கூட்டியாச்சு" என்று எழுதாதது தன் தவறு என்றார். பாதித் தவறு, மீதிப் பாதி உன்னுடையது என்றும் சொன்னார். படகோடு திரும்பி வந்த அப்பா, ஆறிப்போன ராப்யூரைக் கரையில் உட்கார்ந்தே சாப்பிட்டார்.

நெஸ்டருக்கு வேறு வருத்தம். கலங்கரை விளக்கத்தின் உச்சிவரை ஏறிவிட்டானாம். ஆளுயரக் கண்ணாடி விளக்கு, ஆயிரம் பட்டையாக வெட்டியது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு குட்டி நெஸ்டர் தெரிந்தானாம். அதை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் சத்தம் கேட்டதாம். கீழே வாசலில் முத்திரை குத்திக்கொள்ள மறந்தே போய்விட்டான்.

மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஊர் மறுபடியும் தட்டியது. கை வலிக்க வலிக்கத் தட்டியது. எலோடி சட்டியில்லாமல் கடைசியில் நடந்தாள். விதி விதிதான் என்று அல்சீட் சொல்லிவிட்டார். நெஸ்டர், ஊரார் தனக்குக் கொடுத்திருந்த சட்டியின் மூடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். மூடியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையே என்றான். அல்சீட் திரும்பிப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் எங்கள் கடல், வழக்கப்படி ஐம்பது நிமிடம் தள்ளி வற்றியது. எலோடி அம்மாவிடம் கேட்டு, அப்பாவிடம் கேட்டு, தானும் ஒருமுறை பாறைகளைப் பார்த்துவிட்டுத்தான் சுண்ணக்கட்டியை எடுத்தாள். "காலை 10.50 முதல் பிற்பகல் 2.50 வரை."

பனியில்லாத பளிச்சென்ற காலை. முத்திரைப் புத்தகத்தோடு நெஸ்டரின் குடும்பம் வந்தது. அவன் அம்மா பலகையைப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கடைசியில் எலோடியைப் பார்த்தார்.

"இன்னைக்குச் சரியாத்தானே இருக்கும்?"

எலோடி சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். காலணிகளைக் கழற்றி, வார்களை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். டாலியாவுக்கு ஒரு விரலைக் கொடுத்தாள்.

"வாங்க, நானும் வரேன்," என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் கடல் தரையில் இறங்கினாள்.