காதால் பார்த்த ஆட்டம்

சலவைக்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் பம்பரத்தின் வீடு. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அண்ணன். தெரு நடனப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அவள் சுழன்ற சுழற்சியில், சோப்புத் தண்ணீர் வாளி கவிழ்ந்து அறையே குளமானது. அதற்குப் பிறகு அம்மாவும் அவளைப் பம்பரம் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் போதும், அண்ணனும் தங்கையும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் படங்களில் மேடை கிடையாது. மினுமினுக்கும் உடை கிடையாது. கார் நிறுத்துகிற காலி இடத்தில் யாராவது பாட்டைப் போடுவார்கள். பழைய பனியன் போட்ட ஒருவன் நடுவில் குதிப்பான். அதுவரை சும்மா நின்றவர்கள் எல்லோரும் ஆடத் தொடங்குவார்கள். பார்க்கப் பார்க்கப் பம்பரத்துக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும்.

இப்போது அண்ணன் வீட்டில் இல்லை. தொலைவில் ஒரு கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

"அந்தப் படத்தோட மூணாம் பாகம் வந்தா சேர்ந்துதான் பாக்கணும். எனக்குத் தெரியாம பார்த்தே, அப்புறம் உன்கூட டூ!" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அந்த மூன்றாம் பாகத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். அண்ணனுக்கோ லீவு கிடைக்கவில்லை.

பம்பரம் டிவியைப் போடவில்லை. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாடிக்கையாளர்களின் காலுறைகளை ஜோடி சேர்த்தாள். மாடி வீட்டிலிருந்து பாட்டு கசிந்து வந்தது. 'தும் தும்' என்று சுவரே அதிர்ந்தது. அவள் விரல்கள் தாளம் போட்டன. சிவப்பும் பச்சையும் ஜோடியாகிப் போயின.

"ஏன்டி, படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே?" என்றார் அம்மா, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தபடி.

"அண்ணன் இல்லாம வேணாம்மா."

அம்மா அவள் தலையைக் கோதிவிட்டுக் கடைக்குள் போனார்.

அப்போது போன் அடித்தது.

"பம்பரம், சாப்பாட்டு நேரம் விட்டிருக்காங்க. படம் ஓடுதா?"

"மாடியில ஓடுதுண்ணா. நான் பாக்கல."

"பைத்தியம்! நீயாவது பாக்கக் கூடாதா? என் போனைக் கீழ போட்டுட்டேன், திரை முழுக்க இருட்டு. இது கூட வேலை செய்றவரோட பட்டன் போன், பேச முடியுது, அவ்வளவுதான். நீ டிவியப் போடு. நான் சத்தத்தையாவது கேக்கறேன்."

பம்பரம் ஓடிப்போய் டிவியைப் போட்டாள். கடைசிப் போட்டி தொடங்கியிருந்தது. போனை டிவி பக்கம் நீட்டினாள்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ன பண்றாங்க?" என்றான் அண்ணன்.

"கை இப்படிப் போகுதுண்ணா. கால் அப்படிப் போகுது."

"எப்படி? எனக்கு இங்கேர்ந்து கண்ணு தெரியுமாடி?"

பம்பரம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு எப்படிக் காட்டுவது? எதிரே கடையில் அம்மா ஈரத்துணியை எடுத்துப் படாரென்று உதறினார்.

"அண்ணா! அம்மா போர்வைய உதறுவாங்களே, அப்படி ஒரு உதறு. ஆனா துணிக்குப் பதிலா அவனோட கை!"

"ஆங், புரியுது! அப்புறம்?"

"இப்ப வாஷிங் மிஷின் கடைசியில நடுங்குமே, அந்த மாதிரி உடம்பு முழுக்க நடுங்குறான். நின்னுட்டான். மறுபடி நடுங்குறான். இப்ப எல்லாரும் ஒரே வரிசை. கொடியில சட்டை தொங்குற மாதிரி தோளை மட்டும் தூக்கித் தொங்கறாங்க. காத்து அடிக்குது... ஒண்ணு பின்னால ஒண்ணா ஆடுறாங்க!"

அந்தப் பக்கம் பல பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"யாருண்ணா அது?"

"கூட வேலை செய்றவங்கடி. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நம்ம வெல்டர் மாமா இப்ப சட்டை மாதிரி தொங்கறாரு, பாவம், தொப்பை விட மாட்டேங்குது. நீ நிறுத்தாம சொல்லு!"

பம்பரம் சொன்னாள். இஸ்திரிப் பெட்டி வழுக்குவது போன்ற கால், முறுக்கிப் பிழிவது போன்ற இடுப்பு, மூட்டை கட்டுவது போன்ற குட்டிக்கரணம். சொல்லச் சொல்ல அவளாலேயே உட்கார முடியவில்லை. எழுந்து ஆடிக்கொண்டே சொன்னாள். அப்புறம் சொல்வதற்கு மூச்சு போதவில்லை. ஆட மட்டும்தான் முடிந்தது.

போனிலிருந்து 'தட் தட் தட்' என்று சத்தம் வந்தது. இரும்புத் தளத்தில் கனத்த பூட்ஸ்கள் தாளம் தட்டின. எல்லாக் கால்களுக்கும் நடுவில் அண்ணனுடைய கால் எது என்று கண்டுபிடிக்க அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். தெரியவில்லை. எல்லாமே அண்ணனின் கால் போலத்தான் கேட்டன. அவளும் ஆடுவதை நிறுத்தவில்லை.

பட்டறையில் மணி அடித்தது. பூட்ஸ்கள் ஓய்ந்தன.

"வேலைக்குக் கூப்பிடறாங்க, பம்பரம்," என்றான் அண்ணன் மூச்சிரைக்க. "சீக்கிரம் சொல்லு, யாரு ஜெயிச்சாங்க?"

பம்பரம் டிவியைத் திரும்பிப் பார்த்தாள். படம் முடிந்து, பல்பசை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியலைண்ணா," என்றாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "நான் நம்ம ஆட்டத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."