ஜன்னலோரக் கட்டில் காலி

"ஐயோ... மேனேஜர் சார் செத்துட்டாரு!"

வரவேற்புப் பெண்ணின் அலறல் அம்முதியோர் இல்லத்தின் கூரையைப் பிளந்தது.

அங்கே தங்கியிருந்த பதினாறு முதியோரில் ஒருவர்கூடக் கண் விழிக்கவில்லை!

மேலாளர் தம் மேஜை மீது கவிழ்ந்து கிடந்தார். கன்னத்தின் கீழே சேர்க்கைப் படிவம். கையருகே காலிக் கண்ணாடிக் குவளை.

எதிரே, அம்மாவைச் சேர்க்க வந்திருந்த மகன் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான்.

அவனருகில் இருந்த அம்மா நிதானமாக எழுந்தாள். அரசு மருத்துவமனையின் மருந்துக் கூடத்தில் முப்பத்தோராண்டுகள் மாத்திரை எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். மேலாளரின் மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தை நோக்கினாள்.

"சாகலம்மா. தூங்குறாரு. இப்ப குறட்டை வரும் பாரு."

வந்தது!

நிகழ்ந்ததை அறிய, ஒரு மணி நேரம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

காலை பத்து மணி. 'முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய இருபது கேள்விகள்' என்ற தாளுடன் மகன் காரிலிருந்து இறங்கினான். இருபதுக்கும் 'ஆம்' என்று வீட்டிலேயே குறித்து முடித்திருந்தான். பொறுப்புள்ள பிள்ளை!

அம்மாவின் அறையைத் தியான அறையாக மாற்றுவது அவன் திட்டம். தச்சர் நாளை வருகிறார். ஆகவே அம்மா இன்றே கையெழுத்திட வேண்டும். மன அமைதிக்குத்தான் எத்தனை அவசரம்!

"வாங்கம்மா, வாங்க!" மேலாளர் உடலை இரண்டாக மடித்து வணங்கினார். "முதல்ல ஜூஸ் சாப்பிடுங்க. எங்க வழக்கம்!"

பாதி நிரம்பிய மூன்று குவளைகள் வந்தன. தம் கையாலேயே ஒன்றை எடுத்து அம்மாவின் முன் வைத்தார்.

அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முகர்ந்தாள்.

"தோட்டம்னு சொன்னீங்களே, எங்க இருக்கு?"

"அதோ, ஜன்னல் வழியா பாருங்க... தம்பி, நீங்களும் வாங்க!"

ஆண்கள் இருவரும் ஜன்னலோரம் நின்று நான்கு தொட்டிச் செடிகளை வியந்து திரும்பியபோது, அம்மாவின் குவளை காலியாக இருந்தது.

மகன் அதை ஏனோ இருமுறை பார்த்தான். பின்னர் தன் குவளையை ஒரே மூச்சில் கவிழ்த்தான். மேலாளரும் மிச்சம் வைக்கவில்லை.

சுற்றிப் பார்க்கும் படலம் தொடங்கியது.

"எல்லாருமே தூங்குறாங்களே?" என்றாள் அம்மா.

"நிம்மதிம்மா! இங்க வந்தாலே தூக்கம் சொக்கும்."

"பத்தேகாலுக்கா?"

குளியலறையில் இருந்த அவசர மணியை அழுத்தினாள். காத்திருந்தாள். ஏழு நிமிடம். எவரும் வரவில்லை.

"மணி அடிக்குதே, யாரும் வரலியே?"

"இங்க யாரும் மணி அடிக்கிறதே இல்லம்மா. அவ்வளவு திருப்தி!"

ஒரு பெரியவரின் விரல் நகங்களைப் பார்த்தாள். வெட்டி மாதக்கணக்காகியிருந்தது. சுவரில் தொங்கிய மருந்து அட்டவணையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, போதும்மா!" மகன் நெளிந்தான். "நீ என்ன துப்பறியவா வந்திருக்கே? ஜன்னல் பக்கக் கட்டில் ஒண்ணுதான் காலி. வெளிச்சம் நல்லா வரும். வந்து கையெழுத்து போடு. உனக்குத் தூக்கம் வரல?"

"எனக்கு ஏண்டா வரணும்?"

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் கண்கள் விளக்குப் போட்டாற்போல் இருந்தன.

மேலாளர்தான் மூன்று முறை கொட்டாவி விட்டார். அலுவலறைக்குத் திரும்பி, மேஜை முன் அமர்ந்து படிவத்தை நீட்டினார். "இங்க... கையெழுத்து..." என்றார்.

தொப்!

அலறல்!

இனி, நிகழ்காலம்.

"இவர் எப்படி தூங்குறாரு?" மகன் பதறினான். "அது உன் கிளாஸ்லதானே இருந்துச்சு!"

அம்மா மெல்லத் திரும்பினாள்.

"எது?"

மகன் வாயை மூடினான். தாமதம்!

"என் கிளாஸ்ல என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"அம்மா... அவர்தான் சொன்னாரு... பிடிவாதம் பிடிக்கிறவங்களுக்கு லேசா... ஒண்ணும் ஆகாதுன்னு..."

"அடியில வெள்ளையா மாவு தங்கியிருந்துச்சு. ஒழுங்கா கலக்கக்கூடத் தெரியல. இந்த மேனேஜர்தான் என்னைப் பார்த்துக்கப் போறாரா!"

வரவேற்புப் பெண்ணைப் பார்த்தாள்.

"முதல்ல டாக்டருக்கு போன் போடு. அப்புறம் போலீசுக்கு. பதினாறு பேருக்கும் ஒன்பதரைக்கு ஒரே தூக்க மாத்திரை. பத்து மணிக்குப் பார்வையாளர் நேரம். அந்த அட்டவணையைக் கழட்டி எங்கிட்ட கொடு."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது மேடம்!"

"தெரியாதவ கைக்கு ஏம்மா நடுக்கம்? போடு போனை!"

மகன் அம்மாவின் கையைப் பற்றினான். "போலீஸ் வேண்டாம்மா. வா, வீட்டுக்குப் போயிடலாம்! தச்சரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

"வரட்டும். என் அறைக்கு உள்பக்கம் ஒரு நல்ல தாழ்ப்பாள் வேணும்."

அவளுடைய கை, கார்ச் சாவிக்காக அவன் முன் நீண்டது.

"நானே ஓட்டறேம்மா..." என்று எழுந்தான். அறை சுழன்றது. மீண்டும் அமர்ந்தான். வாய் தானாகத் திறந்து, நீண்ட கொட்டாவி ஒன்று புறப்பட்டது.

"அம்மா... என் கிளாஸ்ல... நீ..."

"யார் கலந்தாங்கன்னு எனக்கு அப்ப எப்படித் தெரியும்? அதான் ஆளுக்குப் பாதி ஊத்தினேன். அவர் உனக்கு முன்னாடி சாஞ்சது, காலையில சாப்பிடாம வந்ததால இருக்கும்."

அவன் தலை மெல்லச் சரிந்தது. அம்மா அவன் நாடியைப் பார்த்தாள். திருப்தியுடன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாம தூங்குடா கண்ணு. ஜன்னல் பக்கக் கட்டில் காலியாத்தான் இருக்கு... வெளிச்சம் நல்லா வருமாம்!"